எண் 31

ஊத்தான் மெலிந்தாங் ஆலையில்
எடைமேடைக்கும் சாக்கடைக்கும் நடுவே
யாரும் நடாத ஒரு கொய்யா.
செம்பனைக்கு வரிசை உண்டு, இடைவெளி உண்டு,
உரம் போடத் தேதி உண்டு.
இதைக் கொண்டுவந்து போட்டது
ஏதோ ஒரு வௌவால், அல்லது
லாரிக்குப் பின்னால் அவசரமாய் ஒதுங்கிய
எவனோ ஓர் ஓட்டுநரின் வயிறு.

மார்ச்சில் சாலையை அகலமாக்க அளக்க வந்தார்கள்.
மஞ்சள் தொப்பி ஹஸ்னி உரக்கச் சொல்ல
உதவியாள் குறித்துக்கொண்டான்:
"ஜம்பு பத்து, சத்து."
கூண்டுக்குள் ரசீது கிழித்துக்கொண்டிருந்த என் காதில்
பத்து, சத்து என்று தமிழாகவே விழுந்தது.
அவர் சொன்னது
கல் கொய்யா, ஒன்று.

நட்டவர் யார்? கோடு.
வயது? என்னைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன்.
சுற்றளவு ஐம்பத்தெட்டு செண்டிமீட்டர்.
இழப்பீடு? சிரித்தார்.
நெஞ்சளவு உயரத்தில் சிவப்புச் சாயத்தில்
31 என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

மே மாதம் ஒன்று உரிந்தது.
ஜூலையில் மூன்று, பட்டைபோல் சுருண்டு,
ஒரு மழைநாளில் என் செருப்பருகே விழுந்தது.
அடியில் புதுத்தோல்:
பச்சையும் செம்பும் கலந்து, வழவழவென்று,
யாரும் எதையும் எழுதாத மாதிரி.

மறுபடி வந்தார்கள், மறுபடி 31.
மறுபடி உரித்துப் போட்டது.
கோபமெல்லாம் இல்லை அதற்கு.
சட்டை சிறுத்துப்போகிற பிள்ளைபோல
உள்ளேயிருந்து பருத்தது, அவ்வளவுதான்.

கொதிகலன் ஷிப்டு முடிந்து வரும் மிலன்
இதைப் பேயாரா என்கிறான்.
ஒரு நாள் இளங்கிளை ஒன்றை ஒடித்து
என் சாய்ந்த மேசைமேல் வைத்தான்.
உருளவில்லை.
தடவிப் பார்த்தேன், நான்கு விளிம்பு.
முற்றிய குச்சி ஒன்றை வைத்தான்,
உருண்டு போய்த் தரையில் விழுந்தது.
வயதானால் எல்லாம் உருண்டையாகிவிடும் என்று
தன் வயிற்றைத் தட்டிக் காட்டினான்.
இலைகள் மட்டும் எப்போதும் இரண்டிரண்டாய், எதிரெதிராய்.
மேலே நரம்புகள் பள்ளம்,
திருப்பினால் அதே நரம்புகள் மேடு.

மொட்டுக்கு வாயே கிடையாது.
எங்கே திறக்கவேண்டும் என்று எந்தக் குறியும் இல்லை,
கிழிந்த இடம்தான் வாசல்.
வெள்ளை இதழ்கள் அன்றே சோர்ந்துவிடும்,
மகரந்தக் காம்புகள்தான் கூட்டமாய் நிற்கும்.
இரண்டு லாரிகளுக்கு நடுவே எண்ணத் தொடங்கினேன்.
இருநூற்றுப் பதினேழில் ஹாரன் அடித்தார் நாகேந்திரன்,
குலை ஏற்றி வந்த கோபத்தோடு.
பிறகு எண்ணவில்லை.
பழத்தின் நுனியில் காய்ந்து நிற்பதைக்
கிரீடம் என்கிறார்கள்.
அன்று கிழிந்த கதவின் ஓரங்கள் அவை,
கோணல்மாணலாய், ஒன்றுபோல் ஒன்றில்லாமல்.

இந்த முறை தகரத்தில் எண் அடித்து
ஆணி வைத்துவிட்டார்கள்.
சாலை இன்னும் வரவில்லை.
ஆணியின் கழுத்தைச் சுற்றி
மரம் மெல்லத் தடித்துவருகிறது.

ஞாயிற்றுக்கிழமை, ஆலை ஓய்ந்திருந்தபோது,
ஒரு பை நிறையப் பழம் பறித்து
எடைமேடை நடுவில் வைத்துவிட்டு
உள்ளே வந்து திரையைப் பார்த்தேன்.
பூஜ்யம்.
பத்துக் கிலோவுக்குக் கீழே
அதற்கு உலகமே இல்லை.
கூண்டு முழுக்க வாசனை மட்டும்
சன்னல் வழியே வந்து நின்றது.

ஒன்றைக் கடித்தேன். உள்ளே இளஞ்சிவப்பு.
ஆசாம் பொடி தொட்டு இன்னொன்று.
நடுச்சதையை விட்டுவிட்டுத் தின்பவர்கள் உண்டு,
நான் விதையோடு விழுங்குகிற ஜாதி.
எல்லாம் இறங்கியது, ஒன்றைத் தவிர.
கடைவாயில் அது கல்லாய் உட்கார்ந்துகொண்டது.

திங்கள் காலை முதல் லாரி.
மேசை இழுப்பறையில், ரசீதுக் கட்டின் அடியில்,
சுருண்ட ஒரு மூன்று.
நாக்கால் விதையைத் துழாவிக்கொண்டே
எழுதினேன்:
இருபத்திரண்டாயிரத்து நானூற்றுப் பத்து.